ஒன்பதாம் நாள் தடிப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு ரெமியின் இடது முழங்கை மடிப்பில் ஒரு தடிப்பு எழுந்தது. கொசுவாக இருக்கும் என்று சொறிந்தாள். அது பக்கத்திலேயே இரண்டு தம்பிகளைக் கூட்டிக்கொண்டது. அடுத்த ஐந்து நிமிடத்தில் கழுத்துவரை ஊர்வலம் போய்விட்டது.

ரெமி சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். காலர் பொத்தானையும் போட்டாள். யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகுதான், தன் வீட்டில், தன் உடம்பில் வந்ததற்குத் தானே திருடி மாதிரி முழிப்பானேன் என்று தோன்றியது.

வரவே கூடாத தடிப்பு அது. வருவதற்கு அதற்கு எந்த நியாயமும் கிடையாது. எட்டு நாளாக ரெமி ஐந்தே பொருளில் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறாள்: வெள்ளைச் சோறு, வேகவைத்த கோழி, சௌசௌ, பேரிக்காய், உப்பு. உப்பையும் ஒரு பொருளாகக் கணக்கில் சேர்த்தது டாக்டரம்மாவின் பெருந்தன்மை.

ஜூன் மாதத்து ஞானஸ்நான விருந்தை எங்கள் ஊர் குவாகுவாவில் யாரும் மறந்திருக்க முடியாது. கொழுந்தன் நார்டோவின் குழந்தைக்குக் கோவிலில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து, எல்லாரும் பந்தியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ரெமியின் உதடு அத்திப்பழம் மாதிரி உப்பியது. பிறகு தொண்டை அடைத்தது. கணவன் இஸ்கோ அவளை மோட்டார் டிரைசைக்கிளில் போட்டுக்கொண்டு, ஹாரன் வேலை செய்யாததால் வழி நெடுகத் தானே கத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான்.

சான் பெர்னாண்டோவிலிருந்த அலர்ஜி டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி வந்தா வண்டி நேரத்துக்கு வந்து சேரும்னு நான் எழுதித் தர முடியாது. இருபத்தோரு நாள் கடும் பத்தியம். உடம்பு சுத்தமானதும் ஒவ்வொரு பொருளா உள்ளே விடுவோம். எது போனதும் உடம்பு கத்துதோ, அதுதான் எதிரி. நடுவுல ஒரு துணுக்கு தப்பா உள்ளே போனாலும் மறுபடி ஒண்ணாம் நாள்."

எதிரி யார் என்று ஊருக்கே தெரியும். இறால்தான். வேறு யாராக இருக்க முடியும்? ரெமிக்கும் தெரியும், அங்கேதான் சிக்கல். அவளுடைய சாப்பாட்டுக் கடை நிற்பதே பூரோவில். சோற்றோடு இறாலைப் பிசைந்து ஜாடியில் புளிக்கவிட்டு, பூண்டும் தக்காளியும் போட்டு வதக்கிக் கத்தரிக்காயோடு தட்டில் வைத்தால், ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட ஆள் வரும். இறால்தான் எதிரி என்றால் அந்தச் சட்டியின் ஆவிகூட முகத்தில் படக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆவி படாமல் அடுப்பில் நிற்க ரெமிக்குத் தெரியாது. அடுப்பில் நிற்காமல் வேறெங்கே நிற்பது என்றும் தெரியாது.

கடைப் பலகையை மூன்று வாரத்துக்குச் சாத்திவிட்டுப் பத்தியத்தில் உட்கார்ந்தாள். விலக்க வேண்டியவற்றின் பட்டியல் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. முட்டை, பால், மீன், இறால், பூண்டு, தக்காளி, கடலை, எலுமிச்சை, கோதுமை. ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது அவளுக்கு ஒரு சட்டி ஞாபகம் வந்தது. கோதுமையை விட்டது மட்டும் வலிக்கவில்லை. ரொட்டி என்பதை அவள் சாப்பாட்டில் சேர்த்ததே கிடையாது. மூன்று வேளையும் சோறு, நடுவில் வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் அரிசிப் பலகாரம்.

*

தனியாகப் பத்தியம் இருப்பது எங்கள் பம்பாங்கா மாகாணத்துப் பக்கத்தில் வழக்கமில்லை. எதற்கும் ஒரு குழு வேண்டும்.

ரெமியின் நாத்தனார் பாசிங் முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். அட்சி பாசிங் என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அட்சி என்றால் அக்கா. ஊர் முழுக்க அவளுக்குத் தம்பி தங்கைதான். பத்தியச் செய்தி காதில் விழுந்த அன்றே "ரெமெடியோஸ் பத்திய ஆதரவுக் குழு" பிறந்துவிட்டது. தலைவி அட்சி பாசிங். துணைத்தலைவன் நார்டோ. செயலாளர் ரெமியின் மகள் மரிவிக். மருந்துக்கடையில் வேலை பார்ப்பதால் அவளுக்கு விஷயம் தெரியும் என்று நம்பப்பட்டது. கணவன் இஸ்கோவுக்கு என்ன பதவி தருவது என்று தெரியாமல் கடைசியில் ஒழுங்குக் காவலர் ஆக்கினார்கள்.

மஞ்சள் பனியன் அச்சடித்தாயிற்று. வாசல் கம்பிக்கதவில் ஆள் உயர ஃபிளெக்ஸ் பேனர்: "உன்னால் முடியும் ரெமி! 21 நாள்!" ரெமியின் படம் மூலையில், அடையாள அட்டைப் படத்துக்கு அண்ணன் மாதிரி. நடுவில் மாலையும் பட்டமுமாக அட்சி பாசிங். தெருவில் போகிறவர்கள் பாசிங்தான் ஏதோ தேர்தலில் நிற்கிறாள் என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். அவளும் மறுக்கவில்லை.

முதல் கூட்டத்தில் எல்லாரும் எழுந்து நின்று, வலது கையை உயர்த்தி, ரெமி சாப்பிடுவதைத்தான் தாங்களும் சாப்பிடுவோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். கையை இறக்கியதும் வறுத்த பன்றித் தோலும் முட்டைப் புட்டிங்கும் வந்தன. இரண்டாம் நாள் உறுதிமொழியில் ஒரு திருத்தம் வந்தது: ரெமியின் கண் முன்னால் மட்டும்.

*

"அம்மா, கையைக் காட்டு."

மரிவிக் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்றே தெரியவில்லை.

"கையில என்ன?"

"வேர்க்குது, காலர் பொத்தான் போட்டுக்கிட்டு நிக்கற. காட்டும்மா."

ரெமி காட்டினாள். மரிவிக் தடிப்புகளை விரலால் எண்ணிப் பார்த்தாள். பிறகு ரெமியின் முகத்தைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"உதடு?"

"உதட்டுல ஒண்ணுமில்ல."

"மூச்சு?"

"நல்லாத்தான் விடறேன். கத்தாதே, உங்க அத்தைக்குக் கேட்டுடும்."

அத்தைக்கு ஏற்கெனவே கேட்டுவிட்டது. எட்டு மணிப் பூசை முடிந்து ரெமியோடு வந்த அட்சி பாசிங் இன்னும் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பூசையில் சாமியாருக்குத் துணை நிற்பவள் அவள். கோவிலில் பங்குச்சாமிக்கு அடுத்த இடம் தன்னுடையது என்பது அவள் எண்ணம். பூசை நேரத்து வெள்ளை அங்கியையும், பச்சை நாடாவில் தொங்கும் சிலுவையையும் வீடு வரைக்கும் கழற்றாமல் வருவாள். கழற்றிவிட்டால் வழியில் பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்?

"அவசரக் கூட்டம்!" என்றாள்.

பத்து மணிக்குக் குழு கூடியது. நார்டோ பனியனை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டே வந்தான். அவசரம் என்றாலும் வெறுங்கையோடு வரக்கூடாது என்று ஒரு பை நிறைய அரிசி அப்பம் கொண்டுவந்திருந்தான். இஸ்கோ சுவரோரம், ஒழுங்கைக் காவல் காப்பவனாக நின்றான். மரிவிக் மாத்திரை கொடுத்து, ரெமியை விசிறிக்கு நேராக உட்காரவைத்து, நோட்டைத் திறந்தாள்.

அட்சி பாசிங் ஜெபம் சொன்னாள். ஜெபத்தில் ஆண்டவருக்கு நிலவரத்தை முழுவதும் விளக்கினாள், பத்திய நாள் எண்ணிக்கை உட்பட.

"ஆமென். இப்ப விஷயத்துக்கு வருவோம். ஒன்பதாம் நாள் தடிப்பு வந்திருக்கு. ரெமி, ஆண்டவர் மேல ஆணையா சொல்லு. திருட்டுத்தனமா ஏதாவது தின்னியா?"

"அட்சி, எட்டு நாளா என் கனவுலகூட சௌசௌதான் வருது."

"அப்ப அஞ்சே பொருள்தான் உள்ளே போயிருக்கு. அந்த அஞ்சுல ஒண்ணுதான் எதிரி. செயலாளர், எழுதிக்கோ. உப்பு?"

"உப்பு யாருக்கும் ஆகாமப் போகாது அத்தை."

"பேரிக்காய்?"

"நேத்து பேரிக்காயே இல்ல. முந்தாநாளே தீர்ந்துபோச்சு."

"சௌசௌ?"

"நேத்து மத்தியானத்தோட சரி. கோழியும் நேத்துதான். கடைசியா உள்ளே போனது..." மரிவிக் நோட்டைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கியது. "நேத்து சாயங்காலம் வெறும் சோறு. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல."

நார்டோ கையிலிருந்த அப்பத்தைக் கீழே வைத்தான்.

"சோறா?" என்றான். "அண்ணிக்குச் சோறா ஆகாது?"

"அப்படிச் சொல்லாதே!" அட்சி பாசிங் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

இறால் என்று பயந்துகொண்டிருந்த ரெமிக்கு, இறாலே தேவலை என்று தோன்றுகிற அளவுக்கு ஒன்று இருக்கும் என்று தெரியாமல் போய்விட்டது. இறால் இல்லாமல் ஒருத்தி கடையைத்தான் மூட வேண்டும். சோறு இல்லாமல் என்ன செய்வாள்? காலையில் எழுந்து எதற்காகப் பல் தேய்ப்பாள்?

"சோறு ஆகாதவங்க எங்கேயாவது இருக்காங்களா?" என்று மகளைக் கேட்டாள்.

"இருக்கலாம்மா. ரொம்ப அபூர்வம்."

"இந்த ஊர்ல ஒரே ஒருத்திக்கு அபூர்வமா ஏதாவது வரணும்னா அது எனக்குத்தான் வரும்."

அப்போதுதான் சுவரோரம் நின்ற இஸ்கோ தொண்டையைச் செருமினான்.

"சோறு இல்ல," என்றான்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"சோறா இருக்க முடியாது. நான்... மூணாம் நாள் சௌசௌ சூப்புல கொஞ்சம் இறால் விழுது கரைச்சு ஊத்துனேன்."

விசிறி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது.

"கொஞ்சம்னா?" என்றாள் மரிவிக்.

"அரைக் கரண்டி." அவளுடைய கண்ணைப் பார்த்ததும், "ஒண்ணரை," என்றான். "நிறம் தெரியக் கூடாதுன்னு துணியில வடிகட்டித்தான் ஊத்துனேன்."

ரெமி அவன்மேல் பாய்ந்திருக்க வேண்டும். அதற்குள் அட்சி பாசிங் இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

"ஆண்டவருக்குத் தோத்திரம்! அப்ப சோறு இல்ல!"

"சோறு இல்ல!" என்று நார்டோ எழுந்து அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "அண்ணே, காப்பாத்திட்டே!"

பத்தியத்தைக் கெடுத்தவனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைக்கும் என்று இஸ்கோ எதிர்பார்க்கவில்லை. அந்த உற்சாகத்தில், "அஞ்சாம் நாளும் ஊத்துனேன், ஏழாம் நாளும் ஊத்துனேன்," என்று மீதியையும் சொல்லிவிட்டான்.

"இஸ்கோ." ரெமியின் குரல் சின்னதாக வந்தது. "எனக்குத் தொண்டை அடைச்சிருந்தா?"

இஸ்கோ நார்டோவின் பிடியிலிருந்து விலகிக்கொண்டான்.

"நீ அந்தச் சூப்பைக் குடிக்கறப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன். முப்பத்தோரு வருஷம் எனக்கு ருசியா ஆக்கிப் போட்டவ, மருந்து மாதிரி முழுங்கற. தாங்கல. ஊத்திட்டேன். ஊத்துனதுக்கப்புறம்தான் பயம் வந்துச்சு. விடியற வரைக்கும் உன் மூச்சையே கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். ஒண்ணும் ஆகல. அதான் அஞ்சாம் நாள் தைரியம் வந்துடுச்சு."

"அறிவு வரல, தைரியம் மட்டும் வந்துச்சு," என்றாள் மரிவிக்.

ரெமிக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தது. முகம் சூடாகிக் காது வரை சிவந்தது. மூன்றாம் நாள் அவள் குழுவுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். அதை யாரும் நினைவுபடுத்தக் கூடாதே என்று நினைத்து முடிப்பதற்குள் நார்டோ கைபேசியை எடுத்துவிட்டான்.

"இருங்க, இருங்க, அண்ணி அன்னைக்கு என்ன சொன்னாங்கன்னு கேட்போம்."

கைபேசியிலிருந்து ரெமியின் குரல், தவசியின் நிதானத்தோடு புறப்பட்டது: "வெறும் சௌசௌவுக்குள்ள இப்படி ஒரு ருசி ஒளிஞ்சிருக்கும்னு முப்பது வருஷம் சமைச்சும் எனக்குத் தெரியல. கடலோட மணமே வருது. நாமெல்லாம் மசாலாவைப் போட்டுப் போட்டு நாக்கைக் கெடுத்து வெச்சிருக்கோம். நீங்களும் ரெண்டு நாள் இப்படிச் சாப்பிட்டுப் பாருங்க. பொருளோட ஆத்மா தெரியும்."

"ஆத்மா," என்றான் நார்டோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒண்ணரைக் கரண்டி ஆத்மா."

இஸ்கோ தரையைப் பார்த்தான். ஊரிலேயே நம்பகமான நாக்கு என்று பெயர் வாங்கிய நாக்கை ரெமி பல்லுக்குள் அடக்கிக்கொண்டாள்.

"நீ ரொம்பச் சிரிக்காதே," என்றாள் கொழுந்தனிடம். "உன் மூஞ்சியும் சரியில்ல."

நார்டோவின் சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணனுக்குக் கிடைத்த வரவேற்பை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"நாலாம் நாள் சோறு நான்தான் வடிச்சேன். தண்ணியில பாதி எருமைப்பால்."

"புது அரிசின்னு சொன்னேனே!" ரெமி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"புது எருமை, அண்ணி."

"தோத்திரம்!" என்றாள் அட்சி பாசிங், இந்த முறை கொஞ்சம் குறைவாக. தன் தலைமையில் இயங்கிய குழுவில் தலைவிக்குத் தெரியாமல் இத்தனை ஆதரவு நடந்திருப்பது அவளுக்கு ரசிக்கவில்லை. "செயலாளர், இதையெல்லாம் எழுதிக்கோ. ஏன் எழுதாம உட்கார்ந்திருக்க?"

மரிவிக் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை... ஆறாம் நாள் கோழியில நான் பூண்டு தேய்ச்சேன். தேய்ச்சுட்டுக் கழுவிட்டேன். அம்மா அன்னைக்கு அழுதாங்க."

"நீயுமா?" ரெமி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பட்டியலை எழுதி ஒட்டியவளே அவள்தான். பேரிக்காயைத் தராசில் நிறுத்துக் கொடுத்தவள்.

"தப்புதான். டாக்டரம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன்."

ஆதரவு என்ற பெயரில் ஆளாளுக்கு ஒரு சட்டியைத் தன் வாயில் கவிழ்த்திருக்கிறார்கள் என்று ரெமிக்கு மெல்ல மெல்ல உறைத்தது. எட்டு நாள் தவம் என்று தான் நினைத்தது ஒரு சுமாரான விருந்து. அழுவதா, சிரிப்பதா, துடைப்பத்தை எடுப்பதா? எதைச் செய்தாலும் கொஞ்சம் தப்பாகத்தான் இருக்கும் போலிருந்தது.

மரிவிக்தான் முதலில் நிமிர்ந்தாள். நோட்டில் கோடு போட ஆரம்பித்தாள். நாள் ஒரு பக்கம், பொருள் ஒரு பக்கம்.

"அம்மா, ஒரு நிமிஷம். மூணாம் நாள் இறால். அன்னைக்கும் மறுநாளும் தடிப்பு வந்துச்சா?"

"இல்லையே."

"அஞ்சாம் நாள்?"

"இல்ல."

"ஏழாம் நாள்?"

"இல்லடி. இன்னைக்குத்தான்..."

ரெமி நிறுத்தினாள்.

"மூணு தடவை இறால் உள்ளே போயிருக்கு," என்றாள் மரிவிக், ஒவ்வொரு வார்த்தையாக. "மூணு தடவையும் உடம்பு வாயே திறக்கல. டாக்டரம்மாதான் முடிவு சொல்லணும். ஆனா..."

"இறால் இல்லையா?"

"இல்லைன்னுதான் தோணுதும்மா."

ரெமி எழுந்தாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் சமையலறை வாசல்வரை போனாள். பூரோ ஜாடிகள் வரிசையாக, வாயில் துணி கட்டி, பரீட்சை எழுதவந்த பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இஸ்கோ பின்னாலேயே வந்து, தொடலாமா கூடாதா என்று தெரியாமல் ஓர் அடி தள்ளி நின்றான்.

"உன்னை நான் மன்னிக்கல," என்றாள் திரும்பாமலே.

"தெரியும்."

"மன்னிக்கவே மாட்டேன். ஆனா நீ மட்டும் ஊத்தாம இருந்திருந்தா இது தெரிஞ்சிருக்காது. அதையும் மன்னிக்க மாட்டேன்."

அவன் தலையாட்டினான். சரியான தீர்ப்பு என்று பட்டது போலிருக்கிறது.

*

ஆனால் தடிப்பு போகவில்லை. மாத்திரைக்கு அடங்கிய மாதிரி தெரிந்துவிட்டு, இப்போது தோளில் புதிதாக இரண்டு. ரெமி திரும்பி வந்து உட்கார்ந்ததும் மரிவிக் நோட்டின் கடைசிக் கட்டத்தைப் பேனாவால் தட்டினாள்.

"இறால், பால், பூண்டு எதுவும் இல்லைன்னே வெச்சுக்குவோம். அப்ப இன்னைக்கு ஏன்? புதுசா ஏதோ ஒண்ணு உள்ளே போயிருக்கணும். நேத்துச் சோத்துக்கப்புறம், ஒன்பதரைக்கு முன்னாடி."

"அப்ப மறுபடியும் சோறுதானா?" என்றான் நார்டோ. அவன் கை மறுபடி அப்பத்தைக் கீழே வைத்தது.

அட்சி பாசிங் எழுந்து நின்றாள். ஆட்டம் கண்டிருந்த தலைமையை நிலைநிறுத்த இதுதான் நேரம். பள்ளிக்கூட மைதானத்தில் எண்ணூறு பிள்ளைகளை நிறுத்திய குரல் வந்தது.

"இந்தக் குழுவில எத்தனை ஓட்டைன்னு இன்னைக்குத்தான் பார்த்தேன். வெட்கக்கேடு! புருஷன், கொழுந்தன், பெத்த பொண்ணு! ஒருத்தருக்காவது கட்டுப்பாடு உண்டா? கடைசியாக் கேட்கறேன். வேற யாராவது இவ வாயில எதையாவது வெச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

யாரும் சொல்லவில்லை.

"சரி. இன்னைக்குக் காலைக்கு நானே சாட்சி. முழிச்சதும் தண்ணி குடிச்சியான்னு கேட்டேன், இல்லைன்னா. ஏழரைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போனேன். போன ஞாயித்துக்கிழமை தெருவெல்லாம் வெள்ளம், வர முடியல. அதுக்கு முன்னாடியெல்லாம் கடை, கடைன்னு ஞாயித்துக்கிழமை பூசைப் பக்கமே தலைவெச்சுப் படுக்காதவ. இந்தப் பத்தியத்தால கிடைச்ச ஒரே நல்லது, இவளைக் கோவிலுக்குக் கொண்டுவந்தேன். பூசை முடிஞ்சு என் கூடவே வீட்டுக்கு வந்தா. நடுவுல ஒரு பருக்கைகூட உள்ளே போகல. இந்தக் கையால சத்தியம்!"

வலது கையை உயர்த்தினாள்.

ரெமி அந்தக் கையைப் பார்த்தாள்.

வெள்ளை அங்கியின் அகலமான கைக்குள்ளிருந்து வெளியே நீண்டிருந்தது அது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பழக்கதோஷத்தில் லேசாகச் சேர்ந்திருந்தன. இன்று காலை எட்டே முக்காலுக்கு, நற்கருணை வாங்கும் வரிசையில் ரெமியின் முறை வந்ததும், இதே இரண்டு விரல்கள் கிண்ணத்திலிருந்து வெள்ளையாக வட்டமாக ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தன. "கிறிஸ்துவின் உடல்," என்றாள் அட்சி பாசிங். "ஆமென்," என்று ரெமி நாக்கை நீட்டினாள்.

பள்ளிக்கூட நாட்களில் கன்னியர் மடத்தில் சனிக்கிழமைதோறும் இரும்பு அச்சில் அந்த அப்பத்தைச் சுட்டவள் ரெமி. செய்முறை தூக்கத்திலும் மறக்காது. கோதுமை மாவு, தண்ணீர். மூன்றாவதாக ஒன்றும் கிடையாது. வெட்டியெடுத்த ஓரத்துண்டுகளைக் கை நிறைய அள்ளித் தின்றிருக்கிறாள். அப்போது ஒன்றும் வரவில்லை. ஆனால் அது சாமியார் ஜெபிப்பதற்கு முந்திய மாவு. ஜெபித்த பிறகு அது மாவே இல்லை, ஆண்டவரின் உடல் என்றுதான் கன்னியர் சொல்லிக்கொடுத்தார்கள். மாவே இல்லாதது எப்படித் தடிக்கும்? தடித்தால் அது யாருடைய குறை?

ஜூன் மாதம். முதலில் ஞானஸ்நானப் பூசை, பிறகு விருந்து. விருந்தைத்தான் எல்லாரும் குற்றம் சாட்டினார்கள். அதற்கு முன்னால் அவள் தங்கை கல்யாணத்தில் உதடு லேசாகத் தடித்தது. அன்று நண்டைத் திட்டினாள். மாமனாரின் வருஷ நினைவுநாளில் கழுத்தெல்லாம் அரித்தது. அன்று வாத்து முட்டையைத் திட்டினாள். ஒவ்வொரு விருந்துக்கும் முன்னால் ஒரு பூசை இருந்ததை அவள் யோசித்ததே இல்லை. யார் யோசிப்பார்கள்?

சொன்னால், அட்சி பாசிங் தன் கையாலேயே பத்தியத்தைக் கெடுத்தாள் என்று ஆகும். அதுகூடப் பரவாயில்லை, அதில் ஒரு துளி சந்தோஷம்கூட இருந்தது என்பதை ரெமி தனக்குள்ளே ஒத்துக்கொண்டாள். ஆனால் ஆண்டவரைப் பட்டியலில் எழுதி குளிர்பெட்டியில் ஒட்ட முடியுமா? சொல்லாவிட்டால் பழி சோற்றின் மேல் விழும். ஆயுளுக்கும் சோறு இல்லை.

"அதனால," அட்சி பாசிங் முடிக்கவில்லை, "இனிமே இந்த வீட்டுல யாரையும் நான் நம்பறதா இல்ல. வர்ற வழியில பங்குச்சாமிகிட்ட ஏற்கெனவே பேசிட்டேன். ரெமி பலவீனமா இருக்கா, கோவிலுக்கு நடக்க வேண்டாம். நாளையிலேர்ந்து பத்தியம் முடியற வரைக்கும், தினமும் காலையில ஆறு மணிக்கு, நற்கருணையை நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தரப்போறேன். இதுதான் உண்மையான ஆதரவு!"

நார்டோ கைதட்டினான். இஸ்கோவும் தட்டினான், இன்று அவனுக்குத் தட்டாமலிருக்கும் தகுதி இல்லை.

"வெறும் வயித்தோட இரு, ரெமி," என்றாள் அட்சி பாசிங்.

ரெமியின் கீழுதட்டில், ஓரத்தில், எறும்பு ஊர்வது மாதிரி ஒன்று ஆரம்பித்தது. நிஜமா, பயமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

மரிவிக் கடைசிக் கட்டத்தில் பேனாவை வைத்தாள்.

"ஒன்பதாம் நாள், காலை. ஒண்ணுமில்லைன்னு எழுதிடவாம்மா?"

ரெமி வாயைத் திறந்தாள்.

அட்சி பாசிங் சத்தியம் செய்த கையை இன்னும் இறக்கவில்லை.